பிறேக் ஏன் பிடிக்கவில்லை? – கஹோன் கணவாய் சொல்லும் வரலாறு

"பிறேக் செயலிழந்தமையே விபத்துக்குக் காரணம் எனப் பொலிஸார் தெரிவித்தனர்."

முப்பது வருடங்களுக்கும் மேலான என் பத்திரிகை வாழ்க்கையில் இந்த வசனத்தை எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. கடுகண்ணாவைச் சரிவிலும் றம்பொடை வளைவுகளிலும் பதுளைப் பக்கத்து மலை வீதிகளிலும் பஸ்ஸோ லொறியோ பள்ளத்தில் வீழ்ந்த செய்தி வரும். பிராந்திய நிருபர் தொலைபேசியில் இறந்தோர் தொகையைச் சொல்வார். காரணத்தைக் கேட்பதற்கு முன்பே என் பேனா அந்த வசனத்தை எழுதிவிடும். பிறேக் ஏன் செயலிழந்தது என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. வானத்திலிருந்து இடி விழுவதைப் போல, பிறேக் பழுதாவதும் விதியின் ஒரு பகுதி என்றே நானும் என் ஆசிரியபீடமும் எண்ணியிருந்தோம் போலும்.

அந்தக் கேள்வி 2016ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள ஒரு மலைச்சரிவில் என்னைத் தேடி வந்தது.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் வளர்ந்த மூத்த நண்பர் ஒருவர் லொஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் பொறியியலாளராகப் பணிபுரிந்து ஓய்வுபெற்றிருந்தார். ஓய்வூதியப் பணத்தில் அவர் வாங்கிய முதற்பொருள் பழைய மோட்டார் இல்லம் ஒன்று. வாசகர்கள் சிலர் இவ்வகை வாகனத்தைப் பார்த்திராமல் இருக்கலாம். படுக்கையறை, சமையலறை, குளியலறை எல்லாம் அமைந்த, ஒரு சொகுசு பஸ்ஸின் அளவிலான வீடு அது. பின்புறத்தில் பெரிய டீசல் எஞ்சின். எடை ஏறக்குறைய 16 தொன். இதைச் செலுத்துவதற்கு அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் பஸ் சாரதிக்குரிய அனுமதிப்பத்திரம் தேவையில்லை. கார் ஓட்டத் தெரிந்த ஓய்வூதியர் ஒருவர் காலையில் பணத்தைக் கட்டிவிட்டு மாலையில் மலையேறிவிடலாம்.

லாஸ் வேகாஸிலிருந்து நாங்கள் திரும்பிக்கொண்டிருந்தோம். அண்ணை மோட்டார் இல்லத்தை முன்னால் செலுத்த, அவருடைய மகளின் காரில் நான் பின்னால் அமர்ந்து வந்தேன். பாலைவனத்தைக் கடந்ததும் நெடுஞ்சாலை கஹோன் உச்சியை அடைகின்றது. கடல் மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேற்பட்ட உயரம். அங்கிருந்து சான் பெர்னாடினோ நகரை நோக்கி வீதி சரிந்து இறங்குகின்றது. சில இடங்களில் அச்சரிவு 6 சதவீதத்தை எட்டுகின்றது. அதாவது 100 மீற்றர் ஓடும்போது 6 மீற்றர் கீழே இறங்கவேண்டும்.

இறக்கம் தொடங்கிச் சிறிது நேரத்தில், முன்னால் சென்ற அந்தப் பெரும் வாகனத்தின் முதுகு திடீரென எங்களை நோக்கி வளர்ந்தது. சிவப்பு விளக்கு எதுவும் எரியவில்லை. மகள் பதறிப்போய் பிறேக்கை அழுத்தியிராவிட்டால் இந்தக் கட்டுரை எழுதப்பட்டிராது. அடிவாரத்தில் ஓர் எரிபொருள் நிலையத்தில் நிறுத்தியதும் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அண்ணை, உங்கடை பிறேக் விளக்கு எரியேல்லை."

அவர் சிரித்தார். "தம்பி, மலை முழுக்க நான் பிறேக்கை மிதிக்கவே இல்லையே!"

16 தொன் எடையை பிறேக் மிதியைத் தொடாமல் மலையிலிருந்து இறக்கியிருக்கின்றார் மனிதர். எப்படி என்று கேட்டபோது, ஓட்டுநர் இருக்கைக்கு அருகிலிருந்த ஒரு சிறிய கைப்பிடியைக் காட்டினார். அதுதான் ரிடார்டர் என்றார். வேகத்தணிப்பான் என்று தமிழில் சொல்லலாம்.

அன்றிரவு அவர் காகிதத்தில் போட்டுக் காட்டிய கணக்கை இங்கே தருகின்றேன். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் 6 சதவீதச் சரிவில் இறங்கும் வாகனம் ஒவ்வொரு விநாடியும் ஒரு மீற்றர் கீழே வீழ்கின்றது. 16 தொன் எடை விநாடிக்கு ஒரு மீற்றர் வீழ்ந்தால் அது வெளியிடும் சக்தி ஏறத்தாழ 157 கிலோவாட். காற்றின் எதிர்ப்பும் ரயர்களின் உராய்வும் இதில் ஒரு சிறு பங்கை எடுத்துக்கொள்ளும். வேகம் கூடாமல் இறங்கவேண்டுமாயின் மிகுதி முழுவதும் எங்கேனும் வெப்பமாக மாறியே தீரவேண்டும். நூற்றுக்கு மேற்பட்ட மின்னடுப்புகள் ஒரே நேரத்தில் எரிவதற்கு ஒப்பானது இது. சாதாரண பிறேக்கை மட்டும் நம்பினால் அத்தனை வெப்பமும் சில்லுகளுக்குள் இருக்கும் இரும்பு டிரம்களிலும் லைனிங்கிலும் இறங்கும். இறக்கம் முடியும்வரை, நிமிடக்கணக்கில்.

அப்போது என்ன நிகழ்கின்றது? சூடேறிய டிரம் விரிந்து லைனிங்கை விட்டு விலகுகின்றது. லைனிங் தன் பிடிப்பை இழக்கின்றது. சாரதி மேலும் அழுத்துகின்றார், மேலும் சூடேறுகின்றது. ஒரு கட்டத்தில் மிதியை எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. எந்த உறுப்பும் உடையவில்லை, எந்தக் குழாயும் வெடிக்கவில்லை. ஆயினும் பிறேக் இல்லை! வாகனத்தை நிறுத்துவதற்காகச் செய்யப்பட்ட கருவியை, வாகனத்தை நெடுநேரம் தாங்கிப்பிடிக்கும் வேலைக்குப் பயன்படுத்தியதன் விளைவு இது. நிறுத்துவது ஒரு வேலை. வேகந்தணித்து இறக்குவது இன்னொரு வேலை. இவ்விரண்டும் வெவ்வேறு வேலைகள் என்பதை மோட்டார் உலகம் விளங்கிக்கொண்ட வரலாற்றில், நாங்கள் அன்று இறங்கிய அதே கஹோன் கணவாய்க்கு ஒரு முக்கிய இடம் உண்டு.

1931ஆம் ஆண்டு கிளெஸி கமின்ஸ் என்ற அமெரிக்கர், தான் தயாரித்த டீசல் எஞ்சினின் சிக்கனத்தை நாட்டுக்கு எடுத்துக்காட்டுவதற்காக நியூயோர்க்கிலிருந்து லொஸ் ஏஞ்சலிஸ் வரை ஒரு லொறியில் பயணஞ் செய்தார். கண்டத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு வந்த அந்தப் பயணத்தின் எரிபொருட் செலவு வெறும் 11 டொலர் 22 சதம். ஆனால் பயணத்தின் இறுதிக்கட்டத்தில் கஹோன் கணவாயில் இறங்கும்போது பிறேக்குகள் சூடேறிப் பிடியிழந்தன. கட்டுக்கடங்காமல் ஓடிய லொறியின் முன்னே, ரயில் கடவையொன்றைப் பொருள் ரயில் ஒன்று கடந்துகொண்டிருந்தது. அதன் கடைசிப் பெட்டி விலகவும் லொறி கடவையைத் தாண்டவும் சரியாக இருந்தது. மயிரிழையில் உயிர் தப்பினார் கமின்ஸ்.

அவர் தப்பிய ஆபத்துக்கு அவர் போற்றிய டீசல் எஞ்சினே ஒருவகையில் காரணம் என்பதுதான் இதிலுள்ள முரண். பெற்றோல் எஞ்சினில் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தால் காற்று உட்செல்லும் வழி அடைபட்டு எஞ்சின் மூச்சுத் திணறும். அந்தத் திணறலே வாகனத்தை ஓரளவு பின்னிழுக்கும். டீசல் எஞ்சினில் அத்தகைய அடைப்பு இல்லை. உள்ளே அமுக்கப்பட்ட காற்று வில்லைப் போல மீண்டும் விரிந்து, வாங்கிய சக்தியைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஆகவே கனரக வாகனங்கள் டீசலுக்கு மாற மாற, அவை மேலும் அதிக சுமையை ஏற்றின. இறக்கத்திலோ அவற்றைப் பிடித்திழுக்க எதுவும் இல்லாது போயிற்று.

கமின்ஸ் அந்த நாளை மறக்கவில்லை. தன் நிறுவனப் பொறுப்புகளிலிருந்து ஓய்வுபெற்ற பின்னரும் அதே பிரச்சினையில் உழைத்தார். அமுக்கம் உச்சத்தை அடையும் கணத்தில் வெளியேற்றும் வால்வைத் திறந்து, அமுங்கிய காற்றை வெளியே விட்டுவிட்டால், வில் திருப்பி உதைக்க வழியில்லை. எஞ்சின் சக்தியைத் தருவதற்குப் பதிலாக அதை விழுங்கும் பம்பாக மாறிவிடும். துளைக்கருவிகளின் பிடிகளைச் செய்துவந்த ஜேக்கப்ஸ் நிறுவனம் இந்த யோசனையை ஏற்று 1961இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. 'ஜேக் பிறேக்' என்று லொறிச் சாரதிகள் அழைக்கும் கருவி இதுவே. அதன் வெடியோசை பொறுக்காமல் அமெரிக்க ஊர்கள் பலவற்றின் எல்லையில் எஞ்சின் பிறேக் தடை என்ற பலகை நிற்கின்றது.

அண்ணையின் வாகனத்தில் இருந்தது வேறு வகை. அதன் மூலத்தைத் தேடினால் கப்பற்துறைக்குப் போகவேண்டும். ஆங்கிலேயக் கப்பற் பொறியியலாளரான வில்லியம் புரூட், பெரிய கப்பல் எஞ்சின்களின் வலுவை அளப்பதற்காக 1877இல் ஒரு கருவியை விபரித்தார். நீர் நிரம்பிய பெட்டிக்குள் இறகுகள் கொண்ட சில்லொன்று சுழலும். எதிரே அதேபோன்ற அசையாத இறகுகள் இருக்கும். சுழலும் இறகுகள் நீரை எறிய, அசையாத இறகுகள் அதைத் தடுக்க, எஞ்சினின் வலு முழுவதும் நீரில் வெப்பமாகிவிடும். இரும்போடு இரும்பு உரசுவதில்லை, தேய்வும் இல்லை. ஜேர்மனியரான ஹேர்மன் பொட்டிங்கர் 1905இல் திரவத்தினூடாக வலுவைக் கடத்தும் முறைக்கு உரிமம் பெற்றார். இன்றைய தானியங்கிக் கியர்ப்பெட்டிகள் அந்த வழியில் வந்தவை. வலுவைக் கடத்தும் திரவத்தைக் கொண்டே வலுவை விழுங்கவும் முடியும் என்பதால், புரூட்டின் நீர்ப்பெட்டி கியர்ப்பெட்டியின் பின்புறத்தில் எண்ணெய்ப்பெட்டியாக வந்து ஒட்டிக்கொண்டது.

இதற்குச் சமாந்தரமாக இன்னொரு வழியும் உண்டு. காந்த முனைகளுக்கிடையே செப்புத்தட்டைச் சுழற்றினால் அது சுழல மறுத்துச் சூடேறுகின்றது என்பதைப் பிரெஞ்சு அறிஞர் லியோன் பூக்கோ 1855இல் காட்டினார். அவரது நாட்டவரான ராவுல் சராஸின் 1936இல் இதனை வாகனங்களுக்கு ஏற்றவாறு அமைத்து உரிமம் பெற்றார். மின்காந்த ரிடார்டர் அப்படித்தான் பிறந்தது.

பிரெஞ்சுக்காரருக்கு இதில் அக்கறை இருக்கக் காரணமும் இருந்தது. அல்ப்ஸ் மலையில் லாப்ரே என்ற ஊரிலிருந்து வீசில் நகரை நோக்கி இறங்கும் வீதி, எல்பாத் தீவிலிருந்து திரும்பிய நெப்போலியன் 1815 மார்ச்சில் கடந்துவந்த பாதையின் ஒரு பகுதி. ஏறத்தாழ 12 சதவீதச் சரிவு, சில கிலோமீற்றர்கள். முடிவில் பாலத்தருகே ஒரு கூரிய வளைவு. 1946இல் அவ்விடத்தில் பஸ் வீழ்ந்து 18 பேர் இறந்தனர். 1973 யூலையில் லா சலெத் மாதா திருத்தலத்திலிருந்து திரும்பிய பெல்ஜிய யாத்திரிகர் 43 பேர் இறந்தனர். 1975 ஏப்ரலில் 29 பேர். 2007 யூலையில், சிறப்பு அனுமதியின்றி பஸ்கள் செல்லக்கூடாது என்று பலகைகள் எச்சரித்த அதே வீதியில், அதே திருத்தலத்திலிருந்து திரும்பிய போலந்து யாத்திரிகர் 26 பேர். ஒரே இறக்கம், ஒரே வளைவு!

இத்தகைய மரணங்களின் பாடத்தை இன்று ஐரோப்பிய விதியில் காணலாம். நெடுந்தூரப் பயணிகள் பஸ்ஸொன்று, முழுச் சுமையுடன், 7 சதவீதச் சரிவில், 6 கிலோமீற்றர் தூரத்துக்கு, மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில், சாதாரண பிறேக்கைத் தொடாமலே இறங்கக்கூடியதாய் இருக்கவேண்டும். அண்ணை கஹோனில் செய்துகாட்டியது இதைத்தான்.

ஆனால் அவருடைய விளக்கு ஏன் எரியவில்லை? மறுநாட் காலை அவரோடு வாகனத்தின் அடியிலும் மின்பெட்டிகளிலும் தேடியபோதுதான், ஒரு நல்ல கருவி எத்தனை மெல்லிய வயர்களில் தொங்குகின்றது என்று கண்டேன்.

அமைப்பு இதுதான். சாரதி அருகே ஒரு பிரதான சுவிச் உண்டு. அதை இட்டால்தான் ரிடார்டர் விழித்திருக்கும். அதற்குக் கட்டளை இரண்டு வழிகளில் போகலாம். ஒன்று, படிப்படியாக இழுக்கும் கைப்பிடி. மற்றது, பிறேக் மிதியின் காற்றுக்குழாயில் பொருத்தப்பட்ட அமுக்கச் சுவிச்சுகள். மெல்ல மிதித்தால் முதலாவது சுவிச் மூடி ரிடார்டர் ஓரளவு வேலைசெய்யும். மேலும் மிதித்தால் அடுத்தடுத்தவை மூடும். கட்டளை கியர்ப்பெட்டியின் கணினிக்குப் போகின்றது. அக்சிலேற்றரிலிருந்து கால் எடுக்கப்பட்டிருந்தால் மட்டுமே கணினி சம்மதிக்கும். சம்மதித்ததும் மின்வால்வு திறந்து, அமுக்கக் காற்று எண்ணெயை இறகுகள் சுழலும் அறைக்குள் தள்ளும். வெப்பம் எண்ணெயிலிருந்து எஞ்சினைக் குளிர்விக்கும் நீருக்கும், அங்கிருந்து ரேடியேற்றர் வழியே காற்றுக்கும் போய்ச்சேரும்.

இதனோடு இன்னும் இரண்டு வயர்கள் இருக்கின்றன. மனித உயிர் தங்கியிருப்பது பெரும்பாலும் அவற்றில்தான். முதலாவது, சில்லுகள் வழுக்குவதை உணரும் ஏ.பி.எஸ். அமைப்பிலிருந்து வருவது. ரிடார்டர் இயக்கச் சில்லுகளை மட்டுமே பின்னிழுக்கும். ஈரத்திலோ பனியிலோ அவை வழுக்கினால் வாகனத்தின் வால் வீதியின் குறுக்கே திரும்பிவிடும். ஆகவே வழுக்கலை உணர்ந்த கணமே இந்த வயர் ரிடார்டரை விடுவிக்கச் சொல்லும். மழையிலும் பனியிலும் பிரதான சுவிச்சையே அணைத்துவிடுவது அனுபவசாலிகளின் வழக்கம். இரண்டாவது, கணினியிலிருந்து பிறேக் விளக்குக்குப் போவது. கணினியின் மெல்லிய மின்னோட்டம் விளக்குகளை நேரடியாக எரிக்கப் போதாது. இடையில் ஒரு ரிலே வேண்டும். கால் மிதியில் இல்லாவிடினும் வாகனம் வேகங்குறைகின்றது என்பதைப் பின்னால் வருபவருக்குச் சொல்லும் ஒரே நா அது.

அண்ணையின் வாகனத்தில் அந்த ரிலேயின் இருப்பிடம் காலியாக இருந்தது. முன்னைய உரிமையாளர் ஒருவர் பின்விளக்குகளை மாற்றியபோது கழற்றிவிட்டு மீண்டும் பொருத்தவில்லை போலும். மிதியை அழுத்தினால் விளக்கு எரியும் என்பதால் எவரும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் சிறு பெட்டி; சில டொலர் விலை.

கஹோன் இதே பாடத்தை இன்னும் கொடுமையாக ஒருமுறை கற்பித்திருக்கின்றது. 1989 மே 12ஆம் திகதி அக்கணவாயிலிருந்து இறங்கிய பொருள் ரயில் ஒன்று கட்டுப்பாட்டை இழந்து, சான் பெர்னாடினோவின் டபி வீதியிலிருந்த வீடுகளுக்குள் பாய்ந்தது. ரயில்களிலும் ரிடார்டருக்கு நிகரான ஓர் ஏற்பாடு உண்டு. எஞ்சினின் மோட்டார்களை மின்பிறப்பாக்கிகளாக மாற்றி வேகந்தணிப்பார்கள். அன்று சுமையின் எடை உண்மையிலும் மிகக் குறைவாகக் கணிக்கப்பட்டிருந்தது. சில எஞ்சின்களில் அந்த மின்பிறேக் வேலைசெய்யவில்லை. இறுதியில் அவசர பிறேக்கை இட்டபோது, அக்கால அமைப்பின்படி, எஞ்சியிருந்த மின்பிறேக்குகளும் தாமாகவே துண்டிக்கப்பட்டன. பணியாளர் இருவரும் அத்தெருவில் வசித்த இருவரும் இறந்தனர். 13 நாட்களின் பின், அருகில் நிலத்தடியில் சென்ற எரிபொருட் குழாய் வெடித்து மேலும் இருவர் உயிரிழந்தனர். எது எதைத் துண்டிக்கும் என்பது வரைபடத்தில் ஒரு கோடு மட்டுமே. சரிவில் அது உயிர்களின் கணக்காகிவிடும்.

ரிடார்டரையும் தெய்வமாக்கிவிடக் கூடாது. வேகம் குறையக் குறைய அதன் பிடி தளர்ந்துவிடும். வாகனத்தை முற்றாக நிறுத்த அதனால் முடியாது. நெடுநேரம் இழுத்தால் எண்ணெய் கொதித்து, கணினி தானாகவே அதன் வலுவைக் குறைத்துவிடும். ஆகவே உச்சியிலேயே வேகத்தைக் குறைத்து, கியரைக் குறைத்து இறங்கவேண்டும். எஞ்சின் வேகமாகச் சுழன்றால்தான் நீரும் காற்றும் வெப்பத்தை வெளியேற்றும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று நமது மலைநாட்டின் பழைய லொறிச் சாரதிகள் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதே அறிவுதான். கால் காப்பாற்றும், ஆனால் காலுக்கு வேலை வைக்காமல் இறங்குபவனே சாரதி.

2025 செப்ரெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல–வெல்லவாய வீதியில் சுற்றுலா சென்றோரின் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் இறந்த செய்தியைப் படித்தபோது, அதே 'பிறேக்' என்ற சொல்லை மீண்டும் கண்டேன். அவ்விபத்தின் காரணத்தைத் தீர்மானிக்க நான் யார்? ஆனால் அந்தச் சொல்லோடு செய்தியை முடித்துவிடும் பழக்கத்தில் எனக்கும் பங்குண்டு. சாரதி எந்தக் கியரில் இறங்கினார்? வாகனத்தின் எடை எவ்வளவு? அதில் வேகந்தணிக்கும் கருவி இருந்ததா? இருந்தால் இயங்கியதா? அந்த வீதியை அவர் முன்பு அறிவாரா? இந்த ஐந்து கேள்விகளையும் நான் முப்பது வருடங்களாகக் கேட்டிருந்தால், பதில் சொல்லவேண்டியவர்கள் பதிலைத் தேடத் தொடங்கியிருப்பார்கள். ஒருவேளை ஒரு பஸ்ஸேனும் பத்திரமாக இறங்கியிருக்கும். 'செயலிழந்தது' என்ற சொல் இறந்தவர்களுக்கு எதையும் தரவில்லை; உரிமையாளரையும் அதிகாரியையும் மட்டும் விடுதலை செய்தது.

ஐரோப்பாவில் வாழும் நம்மவர்கள் ஒவ்வோர் ஆண்டும் பஸ்களை வாடகைக்கு அமர்த்தி லூர்து மாதாவிடம் போய்வருகின்றார்கள். வட அமெரிக்காவில் இருப்போர் விடுமுறைக்கு மோட்டார் இல்லங்களை எடுத்து மலைகளுக்குச் செல்கின்றார்கள். புறப்படுமுன் ஒரு வார்த்தை கேளுங்கள்: இதில் ரிடார்டர் இருக்கின்றதா, எஞ்சின் பிறேக் இருக்கின்றதா, அது வேலை செய்கின்றதா? முடிந்தால் வாகனம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் பின்னால் வேறு காரில் வந்து, விளக்கு எரிகின்றதா என்றும் பாருங்கள்.

அண்ணை அந்த ரிலேயை அன்று மத்தியானமே வாங்கிப் பொருத்தினார். மாலையில் ஊரெல்லையிலுள்ள ஒரு சிறு இறக்கத்தில் கைப்பிடியை இழுத்துப் பார்த்தோம். பின்னால் காரில் வந்த மகள் தொலைபேசியில் சொன்னாள்: "அப்பா, எரியுது."

அப்பால் அவர் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.